மிளகாய்ப் பொடிக்கு முன்பே

‘மிர்ச் மசாலா’ இந்திப் படம் பார்த்திருக்கிறீர்களா? கேத்தன் மேத்தா இயக்கத்தில் 1987-இல் வந்தது. வெள்ளையர் காலத்துக் குஜராத் கிராமத்துக் கதை. வரி வசூலிக்க வரும் சுபேதார் மீது பெண்கள் மிளகாய்ப் பொடி வீசும் முடிவுதான் பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்த ஊரில் எதிர்ப்பு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஊர்த் தலைவரின் மனைவி சரஸ்வதி, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறாள். கணவனோ பிள்ளையை வெளியே இழுத்து வருகிறான். ‘படிப்பா காப்பாற்றியது, மிளகாய்ப் பொடிதானே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், சுபேதார் கேட்ட பெண்ணான, ஸ்மிதா பாட்டீல் நடித்த சோன்பாயை அவனிடம் ஒப்படைக்க ஆண்கள் துணிந்தபோது, தட்டைத் தட்டிப் பெண்களைத் தெருவில் திரட்டியவள் அதே சரஸ்வதி. மகளின் படிப்புக்காகக் கணவனை எதிர்த்தவளால்தான் ஊரையும் எதிர்க்க முடிந்தது!