வெள்ளியங்கிரி ஏறப் போகிறவர்களுக்கு ஒரு மருத்துவரின் வேண்டுகோள்

பிப்ரவரியில் வெள்ளியங்கிரி மலைப்பாதை திறந்துவிட்டால், மே மாதக் கடைசி வரை கோவையின் மேற்குப் பக்கத்தில் வைத்தியம் பார்க்கும் எங்களுக்குத் திங்கட்கிழமைகள் கனமானவை. சனிக்கிழமை இரவு ஏறி ஞாயிறு இறங்கியவர்கள், கைவைத்தியம் எல்லாம் செய்து பார்த்துவிட்டு அன்றுதான் வருவார்கள். நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து ஒரு பகலையும் ஓர் இரவையும் கடத்தியவர் வருவார். வலி மாத்திரைகளாக விழுங்கி, சிறுநீர் கறுத்து, அதுவும் குறைந்துபோனவர் வருவார். சர்க்கரை நோயோடு வெறுங்காலில் நடந்தவர், உள்ளங்கால் பிய்ந்ததே தெரியாமல் இருந்து, ஒரு வாரம் கழித்துச் சீழோடு வருவார்.

இவர்கள் வந்து சேர்ந்தவர்கள். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில், மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் மலையிலேயே பக்தர்கள் அடுத்தடுத்து இறந்த செய்திகளைப் படித்தோம். இதய நோய், மூச்சுக் கோளாறு, சர்க்கரை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த அறிவிப்பு தனக்கானது என்று யாரும் நினைப்பதில்லை.

பூண்டி அடிவாரத்துக்கு மேலே வண்டி இல்லை

பூண்டி கோயிலில் இருந்து ஏழாவது மலை வரை ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டதும் ‘தினமும் வாக்கிங் போகிற தூரம்தானே’ என்கிறார்கள். சமதளத்தில் ஆறு கிலோமீட்டர் நடப்பதும், முதல் மலையில் வெள்ளை விநாயகர் கோயில் வரையிலான படிகளை ஏறுவதும் இதயத்துக்கு ஒன்றல்ல. அந்த முதல் மலையிலேயே பலருக்கு மூச்சு வாங்கிவிடும்.

108 ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைதான் வரும். அதற்கு மேலே விழுந்தவரை டோலியில் வைத்து ஆட்கள் தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும். ஆறாவது மலையில் இருந்து இறக்கப் பல மணி நேரம் ஆகும். மாரடைப்புக்கு நாங்கள் நிமிடக் கணக்கில் வைத்தியம் பார்க்கிறோம். எனவே பயணத் திட்டம் என்பது எந்தப் பஸ், எந்த நாள், யார் யார் என்பதோடு முடிவதில்லை. ‘வழியில் எனக்கு ஏதாவது ஆனால்?’ என்ற கேள்விக்கு வீட்டிலேயே பதில் இருக்க வேண்டும்.

‘மேலே காற்று கம்மி, கற்பூரம் மோந்தால் சரியாகும்’

இதைச் சொல்லாதவர்களே இல்லை. சட்டைப்பையில் கற்பூரம், கையில் மூங்கில் தடி, இரண்டும் இல்லாமல் புறப்பட மாட்டார்கள். தடி நல்லது, இறங்கும்போது முழங்காலைக் காப்பாற்றும். கற்பூரம் ரத்தத்தில் ஒரு துளி ஆக்சிஜனைக்கூடக் கூட்டாது. மூக்கில் குளிர்ச்சி பரவுவதால் மூச்சு இலகுவானதுபோல் தோன்றும், அவ்வளவுதான். அந்தத் தோற்றத்தை நம்பி, நிற்க வேண்டியவர் அடுத்த மலைக்கு நடக்கிறார். சிலர் ஒரு வில்லையை வாயிலும் போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விழுங்கிய கற்பூரம் வலிப்பையே கொண்டுவரும், குழந்தைகளுக்குச் சிறிதளவே போதும்.

உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான் தொடங்கும். வெள்ளியங்கிரி சுமார் 6,000 அடி. அதைவிட உயரமான ஊட்டியில் மக்கள் குடியிருக்கிறார்கள், நாமும் போய்ச் சுற்றிவிட்டு வருகிறோம். வெள்ளியங்கிரியில் மூச்சு முட்டினால் காற்றின்மேல் பழியைப் போடாதீர்கள். பழக்கமில்லாத உடம்போடு வேகமாக ஏறியிருப்பீர்கள், அல்லது உங்கள் இதயமோ நுரையீரலோ எதையோ சொல்கிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை என்றால் இரண்டாவது காரணம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

‘வாயுப் பிடிப்புதான்’

இந்த இரண்டு சொல்லால் நான் பார்த்த இழப்புகள் அதிகம். ஏறும்போது நெஞ்சில் பாரம், தாடையிலும் தோளிலும் இழுக்கும் வலி, சில்லென்று வியர்வை, உட்கார்ந்தால் சற்றுக் குறைகிறது. இது வாயு அல்ல. கூட வந்தவர்கள் சோடா தருவார்கள், இஞ்சி மிட்டாய் தருவார்கள், முதுகைத் தட்டுவார்கள். ‘இன்னும் ரெண்டு மலைதான்ணா, வந்துட்டோம்’ என்று அன்போடு தூக்கி நிறுத்துவார்கள். அந்த அன்புதான் ஆளைக் கொல்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும்கூட மாரடைப்பு வரலாம்.

அப்போது அவரை மேலேயும் ஏற்றக் கூடாது, ‘மெதுவா நடந்து இறங்கிடலாம்’ என்று நடத்தவும் கூடாது. உட்கார வைத்துவிட்டு, ஒருவர் கீழே தகவல் சொல்லி டோலிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை அடுத்தவரிடம் கடன் வாங்கித் தருவது இன்னொரு கொடுமை. நீர் வற்றிய உடம்பில் அது ரத்த அழுத்தத்தை அடியோடு இறக்கிவிடும். மருத்துவர் யாருக்கு எழுதிக் கொடுத்தாரோ அவருக்கு மட்டும்தான் அந்த மாத்திரை.

மெடிக்கலில் வாங்கிய ‘மலை மாத்திரை’

ஏறும் முன்பே ஒரு வலி மாத்திரை, பாதி வழியில் ஒன்று, இறங்கியதும் இரண்டு. இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், ‘மெடிக்கல்லயே குடுத்தாங்க சார், எல்லாரும் போடறாங்க’ என்கிறார்கள். எல்லாரும் போடுவதால் மருந்து ஆகிவிடாது! வியர்த்து நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. அளவுமீறிய உழைப்பில் தசை சிதைந்து அதன் கழிவும் ரத்தத்தில் கலந்தால், சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமும் அடி. மலை இறங்கியபின் சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் ‘சூடு பிடித்திருக்கிறது’ என்று இளநீரோடு நிறுத்தாதீர்கள். அன்றே வாருங்கள்.

இதற்கு நேர் எதிரானவர்களும் உண்டு. போட வேண்டிய மாத்திரையை அன்று விட்டுவிடுவார்கள். ‘சாமி மலைக்குப் போறப்ப மாத்திரை எதுக்கு’ என்று பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருபவர்கள். இன்னொரு பக்கம், விரதம் என்று சாப்பிடாமல் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ மட்டும் எடுத்துக்கொண்டு ஏறுபவர்கள். நடு ராத்திரியில் இவர்களுக்குச் சர்க்கரை இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும், ஆளை அடையாளம் தெரியாது. சுற்றி நிற்பவர்கள் அருள் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நினைவு இருக்கும்போதே சர்க்கரையோ ஜூஸோ கொடுத்தால் தப்பிக்கிறவர், கொடுக்காவிட்டால் வலிப்பில் விழுவார். நினைவு போய்விட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பிராந்தி ‘குளிருக்கு’ என்பதும் பொய். தோலுக்கு ரத்தத்தை ஏற்றி, உடம்பின் உள்சூட்டை அது வெளியே விடுகிறது. மேல் மலைகளின் காற்றில் நனைந்த சட்டையோடு இருக்கும்போது இது ஆபத்து.

பரிசோதனை

40 வயது தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி பாருங்கள். மருத்துவர் சொன்னால் எக்கோ, டிரெட்மில்.

கேட்டுக்கொள்கிறேன்

இரண்டு மாதம் முன்பே மாடிப்படி ஏறிப் பழகுங்கள். இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, தூங்காமல், அப்படியே ஏறாதீர்கள், அடிவாரத்தில் நாலு மணி நேரமாவது படுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் மட்டும் கலக்குங்கள், அரை பாட்டிலில் கொட்டிக் குடித்தால் வாந்திதான் வரும். சர்க்கரை உள்ள அப்பா, அம்மாக்களே, வெறுங்கால் வேண்டுதலை உங்களுக்காகப் பிள்ளைகள் நிறைவேற்றட்டும். வனத்துறை சொல்வதையும் மீறிப் போயே தீருவீர்கள் என்றால் செருப்போடு போங்கள், இறங்கியதும் உள்ளங்காலை ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணில் காப்பித்தூளும் மஞ்சளும் வைத்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

கூட்டமாகப் போகிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். உங்களில் ஒருவர் ‘முடியல’ என்றால் அவரைக் கேலி செய்யாதீர்கள், ‘நீங்க இங்கயே இருங்க, வர்றப்ப கூட்டிட்டுப் போறோம்’ என்று பாதையோரத்தில் விட்டுவிட்டும் போகாதீர்கள். ஒருவராவது அவரோடு தங்குங்கள், இன்னொருவர் உடனே கீழே தகவல் சொல்லுங்கள்.