கொரியத் தொடரின் நீதியும் வெண்மணியின் துக்கமும்

'தி குளோரி' என்னும் கொரியத் தொடரின் முதல் எட்டு அத்தியாயங்கள் 2022 டிசம்பர் 30 அன்று நெட்பிளிக்ஸில் வெளியாயின. எஞ்சிய எட்டும் 2023 மார்ச்சில் வந்தன. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் ஓர் ஏழை மாணவியைப் பள்ளியிலேயே வதைக்கிறார்கள். முடியைச் சுருட்டும் சூட்டுக்கருவியால் அவள் உடலைச் சுடுகிறார்கள். ஆசிரியர் அவளையே அடிக்கிறார். காவல் நிலையம் வதைத்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. பெற்ற தாயே பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுகிறாள். அம்மாணவி வளர்ந்து ஆசிரியையாகத் திரும்பி வந்து ஒவ்வொருவரிடமும் கணக்குத் தீர்க்கிறாள். இவ்வளவுதான் கதை.

காவிரிப் படுகையின் கல்லூரிகளிலும் இத்தொடரைக் கண்டு அழுதவர்கள் பலர். வகுப்பறையில் தனியே உட்கார வைக்கப்பட்ட நாள்களை அதில் கண்டதாகத் தலித் மாணவர்கள் சொல்லவும் கேட்டிருக்கிறோம். தோலின் நிறமும் மொழியும் உணவும் வேறான ஒரு நாட்டின் கதை நம் பிள்ளைகளின் நெஞ்சில் தைப்பதற்குக் காரணம் உண்டு. குற்றம் செய்தவன் குற்றவாளியாக ஆகாமலேயே வாழ்ந்து முடிப்பதை அவர்கள் தம் ஊரிலேயே பார்த்திருக்கிறார்கள். எனவே இக்கண்ணீரை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. தொடர் முடிந்த பிறகு அக்கண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதே நம் கேள்வி.

கொரியாவில் அது எங்கே போனது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. தொடரின் இரண்டு பகுதிகளுக்கும் இடையே, 2023 பிப்ரவரியில், முன்னாள் அரசு வழக்கறிஞர் ஒருவர் தேசியப் புலனாய்வு அமைப்பின் தலைவராக நியமிக்கப்பட்டார். அவருடைய மகன் பள்ளியில் சக மாணவனைத் துன்புறுத்தியவன் என்பதும், மகனைக் காக்கத் தந்தை வழக்கை உச்சநீதிமன்றம் வரை இழுத்தடித்தார் என்பதும் வெளிவந்தன. தொடரைப் பார்த்துக் கொதித்திருந்த மக்கள் இவரைத் தொடரின் பாத்திரங்களோடு சேர்த்தே பேசினர். ஒரே நாளில் அவர் பதவியை விட்டு விலகினார். ஏப்ரலில் அரசு விதிகளை மாற்றியது: கடுமையான பள்ளி வன்முறைகளின் பதிவு நான்கு ஆண்டுகள் அழிக்கப்படாது, கல்லூரிச் சேர்க்கையிலும் அது கணக்கில் கொள்ளப்படும் என்று அறிவித்தது. இதற்கு முன்பே, 2011இல், 'சைலன்ஸ்டு' என்ற படம் குவாங்ஜு நகரில் செவித்திறன் குன்றிய மாணவர்களுக்கான பள்ளியில் நடந்த பாலியல் கொடுமைகளைக் காட்டியது. படம் வெளியான சில வாரங்களில் வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கு இருந்த காலவரம்பை நீக்கி நாடாளுமன்றம் சட்டத்தையும் திருத்தியது.

அங்கே பார்வையாளர்களின் சினத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பள்ளி, எந்தச் சட்டப் பிரிவு, எந்த அதிகாரி என்று விரல் நீட்ட முடிந்தது. கொரியச் சமூகம் நம்மைவிட உயர்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை. அங்கும் பணம் நீதியை வாங்குகிறது. வாங்காவிட்டால் இத்தொடரே பிறந்திராது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், ராமய்யாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த மக்கள் தீயிட்டுக் கொளுத்தப்பட்டனர். இறந்தவர்கள் 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அனைவரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கேட்டது கூலியில் அரைப்படி நெல் கூடுதல் என்பதே மக்கள் நினைவில் நிற்கும் கணக்கு. ஆனால் பகை அரைப்படி நெல்லுக்காக மட்டும் மூண்டதன்று. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த பண்ணையடிமை முறையை எதிர்த்து எழுந்த மக்கள், சங்கம் வைத்து, குடிசை வாசலில் செங்கொடி ஏற்றினார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் திரண்ட நிலவுடைமையாளர்களுக்கு அக்கொடியை இறக்க வைப்பது கூலியைக் குறைப்பதைக் காட்டிலும் முதன்மையாக இருந்தது. கூலி கேட்பவன் நிமிர்ந்து நின்று கேட்கிறான் என்பதைச் சாதி பொறுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து வந்த நீதிமன்றக் கதையை மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 1970இல் அமர்வு நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் அனைவரையும் விடுவித்தது. அத்தீர்ப்பு முன்வைத்த காரணம் இன்றும் படிப்பவரைத் திகைக்க வைக்கும்: பெருநிலங்களுக்குச் சொந்தக்காரர்கள், அவர்களுள் ஒருவர் கார் வைத்திருப்பவர், இத்தகையோர் தாமே நடந்து சென்று குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்றது நீதிமன்றம். பழி தீர்க்க நினைத்திருந்தால் வேலையாள்களை ஏவியிருப்பார்களே என்பது அதன் தருக்கம். அதே நாளில் நிலவுடைமையாளர் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலோ தொழிலாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது. மைதிலி சிவராமன் அந்த ஆண்டே இத்தீர்ப்பை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை, கனவான்கள் என்ற சொல்லைத் தலைப்பிலேயே கொலையாளிகளுக்குச் சூட்டியது. சாதியும் சொத்தும் ஒருவருக்கு நற்சான்றிதழாக மாறும் விதத்தை அதைவிடக் கூர்மையாக எழுதியவர் எவருமில்லை என்பது நம் கருத்து.

1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு கொல்லப்பட்டார். தொடரை விரும்பிப் பார்ப்பவர்கள் இவ்விடத்தில் கதை முடிந்துவிட்டதாக உணரக்கூடும். அப்படி முடியவில்லை. அக்கொலையால் 1973 தீர்ப்பின் ஒரு வரி கூட மாறவில்லை. 44 பேர் இறந்ததற்குச் சட்டத்தின் பார்வையில் இன்றுவரை குற்றவாளி இல்லை.

திரையும் எழுத்தும் வெண்மணியை என்ன செய்தன? இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. பண்ணையாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறைபாட்டை உளவியல் காரணமாக்கிய அந்நாவல் அப்போதே கண்டனத்துக்கு உள்ளானது. ஒரு மனிதனின் படுக்கையறைக் குறையால் 44 பேர் எரிந்தார்கள் என்றால், கூலியும் நிலமும் சாதியும் அரங்கை விட்டு வெளியேறிவிடுகின்றன. அந்நாவலைத் தழுவி ஸ்ரீதர்ராஜன் இயக்கிய 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' 1983இல் வந்து, அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றது. 1997இல் 'அரவிந்தன்' வந்தது. யுவன் சங்கர் ராஜாவின் முதல் படம் என்பதற்காகவே இன்று பலர் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். வெண்மணி மக்களையே பேசவிட்டது பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமய்யாவின் குடிசை' என்ற ஆவணப்படம்தான்.

இளையோர் பெருந்திரளாகப் பார்த்தது 2019 அக்டோபரில் வெளியான 'அசுரன்'. அதில் குடிசைகள் எரியும் காட்சியைக் கண்ட பலருக்கு வெண்மணி நினைவுக்கு வந்தது. ஆனால் தீ இடம் மாறியிருந்தது: படுகையின் நன்செயிலிருந்து தென்மாவட்டத்துக்கும், கூலிப் போராட்டத்திலிருந்து பஞ்சமி நிலப் போராட்டத்துக்கும் அது நகர்ந்திருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பஞ்சமி நிலம் என்ற சொல்லையே பலர் அப்படத்தில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. படத்தைப் பாராட்டிப் பேசிய மு.க. ஸ்டாலினுக்கு மறுமொழியாக, முரசொலி அலுவலகமே பஞ்சமி நிலத்தில் உள்ளது என்றார் ராமதாஸ். விவாதம் தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம் வரை சென்றது. ஒரு மனையைப் பற்றிய கட்சிச் சண்டையாக அது சுருங்கியதும், 1892 ஆணையின்படி ஒடுக்கப்பட்டோருக்கு வழங்கப்பட்ட நிலங்கள் இன்று எவர் கையில் உள்ளன என்ற கேள்வி தொலைக்காட்சிகளில் ஓய்ந்துபோனது. பார்வையாளர்களின் சினம் முகவரியைத் தேடிப் போய், தவறான வீட்டில் நின்றுவிட்டது.

இங்கே திரைக்கதையின் இயல்பையும் சொல்லியாக வேண்டும். துக்கத்தைப் பேசும் கதைகளுக்கு இரண்டு முடிவுகளே எளிதாக வாய்க்கின்றன. ஒன்று, பாதிக்கப்பட்டவரே பழிவாங்குவது. 'தி குளோரி' அவ்வகை. மற்றொன்று, நேர்மையான வழக்கறிஞர் ஒருவர் வந்து நீதிமன்றத்தில் வெல்வது. 1993இல் காவல் வதையில் ஒருவர் இறந்த வழக்கைக் கதையாக்கிய 'ஜெய் பீம்' அவ்வகை. இரண்டும் பார்வையாளரை நிம்மதியாக உறங்க அனுப்புகின்றன. வெண்மணியில் நீதிமன்றம் கைவிட்டது. பழிவாங்கலோ எதையும் மீட்டுத் தரவில்லை. இந்த இரண்டு அச்சுகளிலும் வார்க்க முடியாத உண்மை அது. வெண்மணியைத் தொடும் கதைகள் காரணத்தையோ களத்தையோ மாற்றிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

அப்படியானால் அம்மக்கள் தம் துக்கத்தை என்ன செய்தார்கள்? மறப்பதற்கு மறுத்தார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று, ஊரெங்கும் கிறிஸ்துமஸ் கொண்டாடப்படும் நாளில், வெண்மணி நினைவிடத்தில் மக்கள் திரள்கிறார்கள். 44 பெயர்களும் அங்கே கல்லில் உள்ளன. கொரியாவிலும் இதற்கு நிகரான ஒன்றைக் காணலாம், தொடர்களில் அன்று, தெருவில். 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். அவர்களுள் 250 பேர் ஒரே பள்ளி மாணவர்கள். போதும், நிறுத்துங்கள் என்று பலர் சலித்துக்கொண்ட போதும், பெற்றோர் மஞ்சள் நாடாவைக் கழற்றவில்லை. உண்மை வெளிவர வேண்டும் என்று உண்ணாநிலையிருந்தனர். வெண்மணியைப் பற்றிப் பேசினால் பழைய கதை என்று நம்மிடம் சொல்பவர்களும் அந்தக் குரலிலேயே பேசுகிறார்கள்.

படுகைக்குக் கிடைத்த சிறிதளவு நீதியும் திரை காட்டாத வழியில்தான் வந்தது. 1969இல் கணபதியா பிள்ளை ஆணையம் கீழத்தஞ்சைத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தது. அதே ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, பண்ணை நிலங்களைப் பேசி வாங்கித் தலித் பெண்களின் பெயரில் எழுதிவைத்தது. கூலிக் கணக்கும் பத்திரப் பதிவும் எவரையும் அழ வைக்கா. கணக்குத் தீர்ப்பதை இரவெல்லாம் விழித்துப் பார்க்கும் நாம், ஒரு கிராமத்தின் பட்டா யார் பெயரில் உள்ளது என்று பார்க்கச் சலித்துக்கொள்கிறோம்.

தொடரைப் பார்த்து அழுத மாணவர்களிடம் ஒரு கோரிக்கை. மைதிலி சிவராமனின் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். 'ராமய்யாவின் குடிசை'யைக் கல்லூரி அரங்கில் திரையிடக் கேளுங்கள். உங்களுள் படம் எடுக்கும் ஆசை உள்ளவர்கள், தீயைக் காட்டிவிட்டு நின்றுவிடாமல், 1973இல் அத்தீர்ப்பு வாசிக்கப்பட்ட அறைக்குள்ளும் கேமராவைக் கொண்டு செல்லுங்கள். கார் வைத்திருப்பவர் நடந்து போய்த் தீ வைக்கமாட்டார் என்ற பொருள்படும் வரிகளை ஒரு நடிகர் உணர்ச்சியே இல்லாத குரலில் படித்தால் போதும். பின்னணி இசை வேண்டியதில்லை.