சோலையும் புல்வெளியும் தேக்கும் நீர்

நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்காவில் மேட்டுச் சரிவெங்கும் புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு. இரண்டும் சேர்ந்துதான் மழைநீரைப் பிடித்து வைக்கின்றன.

தென்மேற்குப் பருவமழை இங்கு வலுத்துப் பெய்யும். சோலையின் அடர்ந்த இலைக்கூரையும் கிளைகளில் படர்ந்த பாசியும் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. கீழே மட்கிய இலைகளால் ஆன கரிய மண் நீரை உறிஞ்சுகிறது. புல்லின் நெருங்கிய வேர்கள் சரிவு மண்ணை இறுகப் பற்றியிருப்பதால் மழைநீர் மண்ணை அரித்துச் செல்வது குறைவு. பள்ளத்தாக்கின் அடியிலுள்ள சதுப்புகள் மிஞ்சிய நீரைத் தேக்கி, மழை ஓய்ந்த பின்னும் மெல்லக் கசியவிடுகின்றன. ஓடைகள் கோடையிலும் வற்றாமல், வண்டலின்றித் தெளிந்து ஓடுவது இதனால்தான். ஓடை மேல் கவிந்த மரநிழல் நீரைக் குளிர்ச்சியாகவும் வைக்கிறது.

மரம் நட்டால் நீர் பெருகும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்த மலையில் அது பொய்த்தது. ஆங்கிலேயர் காலம் முதல் புல்வெளிகளில் சீகை, யூகலிப்டஸ் மரங்கள் நடப்பட்டன. நீலகிரியின் கிளன்மார்கனில் நடந்த நீர்ப்பிடிப்பு ஆய்வில், 1972-இல் யூகலிப்டஸ் நட்ட பகுதியின் நீர்வரத்து முதல் 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய மரங்கள் மறுபடி துளிர்த்து வளர்ந்தபோது இழப்பு மேலும் கூடியது. ஆகவே புல்வெளியைக் காப்பது சோலையைக் காப்பதற்குச் சற்றும் குறைந்த பணியல்ல.

இங்கு தேங்கும் நீர் மலையோடு நிற்பதில்லை: முக்குருத்திச் சரிவில் பிறக்கும் பைக்காரா ஆறு மோயாராகி, பவானிசாகரில் பவானியுடன் சேர்ந்து காவிரியை அடைகிறது.