கடலடித் தடங்களும் மெய்நிகர்க் காட்சியும்

பெருந்துறை வட்டத்தில் நொய்யலாற்றின் கரையில் அமைந்த தொன்மையான ஊர் கொடுமணல். அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் கல்மணிகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்துள்ளன. மேற்குக் கடற்கரையின் முசிறியையும் கிழக்குக் கடற்கரையின் பூம்புகாரையும் இணைத்த வணிகப் பெருவழியில் இவ்வூர் இருந்தது என்பர் ஆய்வாளர். நொய்யல் காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலை அடைகிறது. கொடுமணலில் மண்ணை அகழ்ந்து சான்றுகளைக் காண முடிந்தது. கடல்கோளுக்கு உட்பட்டதாகக் கருதப்படும் பூம்புகாரை எவ்வாறு காண்பது?

கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் இணைந்து அக்கடற்பகுதியை ஆராய்ந்தன. 1991ஆம் ஆண்டில், கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவ அமைப்பொன்று கண்டறியப்பட்டது. மூழ்கிச் சென்று அதனைக் கண்டோர் மிகச் சிலரே. அவர்களும் அவ்வாழத்தில் நெடுநேரம் தங்க இயலாது.

இக்குறையைப் போக்குவது மெய்நிகர்த் தொழில்நுட்பம். ஒலியலைகளைச் செலுத்தி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு கடலடியின் மேடுபள்ளங்கள் அளக்கப்படுகின்றன. ஒரே பொருளைப் பல கோணங்களில் எடுத்த ஒளிப்படங்களிலுள்ள பொதுப்புள்ளிகளைக் கணினி ஒப்பிட்டு, முப்பரிமாண வடிவத்தை உருவாக்குகிறது. தலையில் அணியும் கருவி இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட காட்சிகளைக் காட்டுவதால் ஆழம் புலப்படுகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. மால்டா தீவருகே 110 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பினீசியர் கப்பலை இன்று எவரும் இம்முறையில் காணலாம். சான்றுகளும் இருந்த இடத்திலேயே சிதையாமல் இருக்கும்.

இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பில் பூம்புகாரை எண்ம முறையில் மீட்டுருவாக்கும் பணியை மேற்கொண்டுள்ளது.

இப்பணியில் கருதத்தக்க அறம் ஒன்றுண்டு. கருவிகள் பதிவுசெய்த கல் சான்று; அதன்மேல் கணினி எழுப்பும் மாடம் ஊகம். திரையில் இரண்டும் ஒரே தெளிவுடன் தோன்றுகின்றன. லாட வடிவ அமைப்பின் காலமும் தோற்றமும் இன்னும் விவாதத்திற்குரியவை. அதனை ஐயமற்ற அரண்மனையாகக் காட்டினால் காண்போர் நம்பிவிடுவர். பின்னர் அது பொய்த்தால், கொடுமணலின் பானை ஓடு போன்ற உறுதியான சான்றுகளும் ஐயத்திற்கு உள்ளாகும். எனவே, சான்றை ஒரு நிறத்திலும் ஊகத்தை வேறொரு நிறத்திலும் காட்டுதல் நன்று.

கண்டது எது, கருதியது எது எனப் பிரித்துணரும் பார்வையாளருக்கே கடலடி வரலாறு தன் மெய்யுருவைக் காட்டும்.