மலை வளைவும் பவர் ஸ்டியரிங்கும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவிலிருந்து போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திற்கு ஏறும் மலைச்சாலை வளைவுகள் மிகுந்தது. அங்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று திரும்புவதாகக் கொள்வோம். துணைவிசை இல்லாத காரில், கைச்சுமையைக் குறைக்கும் பொருட்டுப் பற்சக்கர விகிதம் அதிகமாக வைக்கப்படும். ஆகவே ஸ்டியரிங்கைப் பலமுறை சுழற்ற வேண்டும். பவர் ஸ்டியரிங் இருப்பின் குறைந்த சுழற்சியே போதுமாறு அமைக்கலாம். 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்த முறை எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கியது; இந்நாளில் பெரும்பாலும் மின்மோட்டாரே இப்பணியைச் செய்கிறது.

எனினும், துணைவிசை உதவுவது கைக்கேயன்றி டயருக்கு அன்று. வேகம் இருமடங்கானால், அதே வளைவில் தேவைப்படும் பக்கவிசை நான்கு மடங்காகும். அதனை அளிப்பது சாலைக்கும் டயருக்கும் இடையேயுள்ள உராய்வே. முன் டயர்கள் வழுக்கத் தொடங்கும்போது ஸ்டியரிங் கையில் இலேசாகும்; அதுவே எச்சரிக்கை. துணைவிசை மிகுந்தால் அவ்வுணர்ச்சி மங்கும். ஆதலின் வேகம் ஏற ஏறத் துணைவிசை குறையும் அமைப்பைப் பல கார்களில் காணலாம்.

இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிடுதல் தீது. துணைவிசை நின்று ஸ்டியரிங் திடீரெனக் கனக்கும். வளைவிற்கு முன்பே வேகத்தைத் தணித்தல் வேண்டும்; இவ்விதி ஸ்போர்ட்ஸ் காருக்கும் தோட்டத்து ஜீப்புக்கும் ஒன்றே.