பாலத்தின் கணக்கும் உப்பின் விலையும்

யங்கோன் நகரின் கிழக்கே, பசுண்டாங் ஓடைக்கு அப்பால் இருக்கிறது தாகேதா. 1958இல் ஆட்சிக்கு வந்த நே வின்னின் இடைக்கால அரசு, நகரின் நடுவே குடிசை போட்டிருந்தவர்களை அப்புறப்படுத்திக் குடியேற்றிய மூன்று புறநகர்களில் இதுவும் ஒன்று. மற்றவை வடக்கு, தெற்கு ஒக்கலாப்பா. 2018இல் ஜப்பானிய உதவியுடன் அங்கே புதிய பாலம் திறக்கப்பட்டது.

அந்தப் பாலத்தால் யாருக்கு இலாபம்? திலாவா பொருளாதார வலயத்துக்குப் போகும் லொறிக்கு நேரம் மிச்சம். பாலத்தருகே காணி வைத்திருப்பவருக்கு விலை ஏறினால் வரவு. அங்கே வாடகைக்கு இருப்பவருக்கு அதே ஏற்றம் செலவு. கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவரின் வரவு இன்னொருவரின் பற்று. ஆனால் ஒரு ஊர் முழுவதற்கும் இந்தக் கணக்கை எழுத வேண்டுமானால், அதற்கென்றே ஒரு துறை வேண்டியிருக்கிறது. அதுதான் இடம்சார் பொருளியல்.

இந்தத் துறையின் கருத்தரங்குகளிலும் செயலமர்வுகளிலும் இளம் ஆய்வாளர்கள் முடிக்காத கட்டுரைகளையே கொண்டுவந்து வைப்பார்கள். சபையிலிருந்து கேள்விகள் வரும். பாலம் வந்ததால் ஊர் வளர்ந்ததா, வளரப்போகும் ஊர் என்பதால் பாலம் வந்ததா? தரவு எங்கிருந்து கிடைத்தது? வாடகை ஏறி வெளியேறிப் போனவர்களை யார் எண்ணினார்கள்? கணக்காய்வாளர் கேட்கும் கேள்விகளைவிட இவை கடுமையானவை என்றே சொல்வோம்.

ஒரு உதாரணம். பிரித்தானிய இந்தியாவின் ரயில் பாதைகளால் என்ன பயன் விளைந்தது என்பதை டேவ் டொனால்ட்சன் ஆராய்ந்தார். அவருக்குக் கைகொடுத்தது உப்பு. ஒவ்வொரு வகை உப்பும் குறித்த ஓரிடத்தில்தான் விளைந்தது. அங்கே என்ன விலை, தூரத்து மாவட்டத்தில் என்ன விலை என்று பார்த்தால், இடையில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஏற்றிச் செல்லும் செலவு. அலுவலகங்களில் யாரோ சலிக்காமல் எழுதிவைத்த விலைப் பட்டியல்களே அந்த ஆய்வுக்கு முதல்.

பர்மாவுக்கும் இத்துறையில் பெயர் உண்டு. வளர்ச்சிப் பொருளியலின் முன்னோடிகளில் ஒருவரான ஹ்லா மியின்ட் அந்த மண்ணில் பிறந்தவர். லண்டன் பொருளியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 2021 பெப்ரவரி இராணுவப் புரட்சிக்குப் பிறகு நிலைமை வேறு. அந்த மே மாதத்துக்குள் 11,000க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகப் பணியாளர்கள் இடைநிறுத்தப்பட்டதாகச் செய்திகள் வந்தன. செட்டியார்களின் கடன் தொழில் உட்பட பர்மாவின் வங்கி வரலாற்றை எழுதிய ஆஸ்திரேலியரான ஷான் டர்னெல்கூட 2022 நவம்பர் வரை சிறையில் இருந்தார். பாலம் நிற்கிறது, அதன் கணக்கை உள்ளே இருந்து எழுதக்கூடியவர்கள் சிதறிப்போனார்கள்.

இது எங்களுக்கு அந்நியமான கதையா? 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் கப்பலில்தான் வந்தன. டொனால்ட்சனின் உப்பைப் போலவே, வவுனியாவில் சீனி என்ன விலை, சுன்னாகத்தில் என்ன விலை என்று தெரிந்தால், மூடிய வீதி ஒரு குடும்பத்திடம் எவ்வளவு பறித்தது என்று கணிக்கலாம். கச்சேரிப் பதிவுகளை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. கடைக் கொப்பிகள், சங்கக்கடைப் பற்றுச்சீட்டுகள், வெளிநாட்டுக்கு எழுதிய கடிதங்களில் அம்மாமார் புலம்பிய விலைகள் எல்லாமே தரவுதான். அவை இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் பெட்டிகளில் கிடக்கின்றன.

பொருளியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். திகதி, ஊர், விலை மூன்றும் இருந்தால் போதும்.