கிணற்றடியில் கரையும் டீசல்

உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் இருக்கிறது. 2019 வரை அது விழுப்புரம் மாவட்டம்தான். அன்று அங்கே இறங்கிய விமானங்கள் பிஸ்டன் இன்ஜினில் பறந்தவை. 1950களில் அந்த ரகம் உச்சத்தைத் தொட்டது. அமெரிக்க இன்ஜின் ஒன்றில், புகையோடு போகும் சக்தியைப் பிடிக்க மூன்று டர்பைன்களை வைத்தார்கள். சுமார் 450 குதிரைத்திறன் திரும்பக் கிடைத்தது. கடல் தாண்டும் விமானத்துக்குச் சொட்டுச் சொட்டாகக் கணக்கு.

அந்தக் கணக்கு திண்டிவனம், விழுப்புரம் கிணற்றடிகளில் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

5 ஹெச்.பி. ஆயில் இன்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் டீசல் குடிக்கும். ஒரு லிட்டரில் உள்ள சக்தி ஏறக்குறைய 10 யூனிட். நல்ல இன்ஜின் அதில் மூன்று யூனிட்டை வேலையாக மாற்றும். அந்த மூன்றாவது தண்ணீராக வெளியே வர வேண்டாமா?

மல்லாட்டைக் கொல்லைக்கு இறைக்கும் ஒரு கிணற்றைப் பாருங்கள். புட்வால்வின் கண்களில் பாசி அடைத்திருக்கும். குழாயில் வேண்டாத பெண்டுகள். டெலிவரி பைப் தொட்டிக்கு மேலே ஆளுயரத்தில் நின்று கொட்டும். பார்க்க அழகுதான். ஆனால், 10 மீட்டர் ஏற்ற வேண்டிய தண்ணீரை ஒரு மீட்டர் கூடுதலாக ஏற்றினால் டீசலும் பத்தில் ஒரு பங்கு கூடும்.

இன்ஜினைக் குளிர்விக்கக் கிணற்றுத் தண்ணீரையே தாராளமாகத் திறந்துவிடுகிறார்கள். வெளியே வரும் தண்ணீர் சில்லென்று இருந்தால் திருப்தி. அது கை பொறுக்காத சூட்டில், 60 டிகிரி அளவில் வர வேண்டும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது. லைனரும் சீக்கிரம் தேயும். குழாயைக் கொஞ்சம் மூடி வைத்தால் போதும், காலணா செலவில்லை.

இலவச மின்சாரம் இருக்கும்போது டீசல் பேச்சு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இணைப்புக்குக் காத்திருப்பவருக்கும் குத்தகைக்காரருக்கும் அந்தக் கேள்வி பொருந்தாது.

என்னை அதிகம் உறுத்துவது மணி வாடகை இன்ஜின்தான். டீசல் செலவு குத்தகைக்காரர் தலையில். புட்வால்வை மாற்ற வேண்டியவர் இன்ஜின்காரர். தண்ணீர் மெதுவாக வந்தால் வாடகை மணி கூடுகிறது, பிறகு அவர் ஏன் மாற்றப்போகிறார்? வாடகை பேசுமுன் 200 லிட்டர் டிரம்மை வைத்துப் பிடித்துப் பாருங்கள். மொத்த ஏற்றம் 10 மீட்டருக்குள் இருந்தால், ஒழுங்கான 5 ஹெச்.பி. செட் 15 நொடியில் நிரப்பிவிடும். அரை நிமிடம் ஆனால், புட்வால்வை மாற்றித் தந்த பிறகுதான் வாடகை என்று சொல்லுங்கள்.